பேர்லினில் ஒரு நாளும் ஏ9 வீதியில் ஒரு நாளும்

போருக்குப் பின் ஏ9 வீதி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதும் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வரத் தொடங்கியது. பலருக்கு நயினாதீவு நாக விகாரை யாத்திரைதான் முதல் நோக்கம். சமையல் பாத்திரங்களையும் பாய்களையும் ஏற்றிக்கொண்டு, வீதியோர மரநிழலில் சோறாக்கிச் சாப்பிட்டபடி குடும்பம் குடும்பமாகப் போனார்கள். போகிற வழியில் வன்னியில் இறங்கிப் பார்ப்பதற்கும் அவர்களிடம் ஒரு பட்டியல் இருந்தது.

முதலில் கிளிநொச்சி நகரில் சரிந்து கிடந்த பெரிய தண்ணீர்த் தாங்கி. 2009 ஜனவரி 2 ஆம் திகதி இராணுவம் நகரைக் கைப்பற்றியது. பின்வாங்கிய புலிகளே தாங்கியைத் தகர்த்தார்கள் என்பது அரசின் விளக்கம். அதை அப்படியே விட்டு, பலகை நட்டு, பக்கத்தில் நினைவுப் பொருட்கள் விற்கும் கடையும் போட்டார்கள். அதே நகரில் ஏ9 ஓரமாக வெற்றிச் சின்னம்: பெரியதொரு சீமெந்துக் கட்டியைக் குண்டொன்று துளைத்து வெடிப்பு விழ, உச்சியில் தாமரை பூத்திருக்கும். வடக்கே ஆனையிறவில், 1991 ஜூலையில் புலிகள் கொண்டுவந்த கவச புல்டோசரும், அதைத் தடுத்து உயிர்விட்ட படைவீரர் காமினி குலரத்னவின் நினைவிடமும். இன்னும் கொஞ்சத் தூரத்தில் இலங்கை வரைபடத்தைக் கைகள் தூக்கிப் பிடிக்கும் இன்னொரு சின்னம்.

பரந்தனில் திரும்பி ஏ35 வீதியால் முல்லைத்தீவுப் பக்கம் போனவர்களுக்குப் பட்டியல் இன்னும் நீளம். புதுக்குடியிருப்புக் காட்டுக்குள் பிரபாகரனின் நிலக்கீழ் வீடு, கடற்புலிகளின் நீச்சல் தடாகம், கைப்பற்றப்பட்ட படகுகளும் ஆயுதங்களும் வைத்த காட்சியகம். நீரின் நடுவே துப்பாக்கியும் கொடியும் ஏந்தி எழும் படைவீரர் சிலை. 2006 டிசம்பரில் இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்கு அரிசி ஏற்றிச் செல்கையில் முல்லைத்தீவுக் கடலில் தரைதட்டிய ஜோர்தான் கப்பல் ஃபாரா 3. பிறகு நந்திக்கடல். அங்கே தங்கவேண்டும் என்றால் இராணுவமே நடத்திய ‘லகூன்ஸ் எட்ஜ்’ விடுதி இருந்தது. 2012 இல் திறக்கப்பட்டது. நந்திக்கடல் கரையில் விடுமுறையைக் கழிப்பது என்ற யோசனை யாருக்கு வந்திருக்கும் என்று எம்மில் பலர் அப்போது யோசித்ததுண்டு.

அந்தப் பயணிகளைக் குறை சொல்வதற்கு இதை எழுதவில்லை. அவர்களிலும் பிள்ளையைப் போரில் பறிகொடுத்த தாய்மார் இருந்தார்கள். காட்டியதைத்தான் அவர்கள் பார்த்தார்கள். ஒரு நாளில் ஓர் ஊரைப் பார்க்க வருகிறவருக்கு அந்த ஊரைப் பற்றித் தெரியவருவது பெரும்பாலும் பலகைகள் சொல்வதுதான். எனவே கேட்கவேண்டிய கேள்வி, பலகையை எழுதுவது யார் என்பதே.

ஏ35 வீதியையே எடுத்துக்கொள்வோம். 2009 ஜனவரியில் முதலாவது ‘பாதுகாப்பு வலயம்’ அறிவிக்கப்பட்டது இந்த வீதியை ஒட்டிய சுதந்திரபுரம், உடையார்கட்டுப் பகுதிகளில்தான். சனம் நம்பிப் போனது அங்கே. எறிகணை விழுந்ததும் அங்கே. 2006 ஓகஸ்ட் 14 அன்று செஞ்சோலை வளாகத்தில் விமானக் குண்டு விழுந்து மாணவிகள் கொல்லப்பட்ட வள்ளிபுனம் இதே வீதியில் இருக்கிறது. 2009 ஜனவரிக் கடைசியிலிருந்து பெப்ரவரி முதல் வாரம் வரை திரும்பத் திரும்பத் தாக்கப்பட்ட ஆஸ்பத்திரியும் இந்த வீதியில் உள்ள புதுக்குடியிருப்பில்தான். இறுதிக் கட்டத்தில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்பதை மறுக்கமுடியாது என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் எழுதியது. சுற்றுலாப் பஸ் இவை எல்லாவற்றையும் கடந்துதான் நீச்சல் தடாகத்துக்குப் போனது. எங்கும் நிற்கவில்லை. நிற்பதற்கு அங்கே எதுவும் எழுதி வைக்கப்படவில்லை.

2013 ஒக்டோபரில் அந்த நிலக்கீழ் வீட்டையும் இராணுவம் வெடிவைத்துத் தகர்த்தது. எதிரியின் இருப்பிடத்தை நான்கு வருடம் காட்சிக்கு வைத்திருந்துவிட்டுப் பிறகு அழித்தார்கள்.

இதே சிக்கலைச் சந்தித்த இன்னொரு இடம் பேர்லின். ஜேர்மனியில் வாழும் உறவுகளிடம் போகிற எம்மவர்கள் ஒரு நாளாவது அந்தத் தலைநகரைச் சுற்றிப் பார்ப்பார்கள். எம்மில் முதல் தலைமுறை அகதிகளுக்கு அந்த நகரம் வேறு விதத்தில் பழக்கம். 1980களின் நடுப்பகுதியில் கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி, ரயிலேறி மேற்கு பேர்லினுக்குள் போய் அடைக்கலம் கேட்டவர்கள் பலர். அவர்கள் அன்று பார்த்தது மதிலையும் முகாமையும். இன்று போகிறவர் பார்ப்பது வேறு.

காலையில் பாராளுமன்றக் கட்டடமான ரைக்ஸ்டாக்கில் தொடங்கலாம். முன்கூட்டிப் பதிவு செய்தால் கண்ணாடிக் கூம்பு மாடத்துக்கு ஏறக் காசில்லை. 1945 இல் கட்டடத்தைப் பிடித்த சோவியத் சிப்பாய்கள் சுவர்களில் கரியாலும் சுண்ணக்கட்டியாலும் கிறுக்கிய பெயர்கள் அதன் உள்ளே இன்னமும் இருக்கின்றன. 1990களில் கட்டடத்தைப் புதுப்பித்தபோது அவற்றைப் பூசி மறைக்கவேண்டும் என்றும் குரல் எழுந்தது. மறைக்கவில்லை. தம்மைத் தோற்கடித்தவனின் கையெழுத்தைத் தாண்டித்தான் ஜேர்மனிய எம்.பி.மார் சபைக்குப் போகிறார்கள்.

அங்கிருந்து சில நிமிட நடையில், பிரண்டன்பேர்க் வாயிலைத் தாண்டியதும், கொல்லப்பட்ட ஐரோப்பிய யூதர்களுக்கான நினைவிடம். சுமார் 19,000 சதுர மீற்றர் நிலத்தில் 2,711 சீமெந்துக் கற்கள். கற்களில் பெயர் இல்லை; பெயர்களும் குடும்பக் கதைகளும் நிலத்துக்குக் கீழே உள்ள தகவல் நிலையத்தில் இருக்கின்றன. இது எளிதில் வந்ததல்ல. 1988 இல் சில பிரஜைகள் தொடங்கிய கோரிக்கை 1999 இல்தான் பாராளுமன்றத் தீர்மானமாகியது. 2005 இல்தான் திறக்கப்பட்டது. அதாவது போர் முடிந்து அறுபது வருடம். இப்போது அங்கே போனால் பொடியன்கள் கல்லுக்குக் கல் தாவுவதையும் செல்ஃபி எடுப்பதையும் பார்க்கலாம். தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் நின்று படம் எடுத்தவர்கள் மட்டும்தான் அப்படி என்று நினைக்கவேண்டியதில்லை.

அதற்குப் பக்கத்தில், நடந்து போகிற தூரத்தில், ஹிட்லர் கடைசியாக ஒளிந்திருந்து தற்கொலை செய்த நிலக்கீழ் அறை இருந்த இடம். இப்போது அது தொடர்மாடி வீடுகளின் கார் தரிப்பிடம். பல வருடங்களாக எந்தக் குறிப்பும் இல்லை. யாராவது அதை வழிபாட்டிடமாக்கிவிடுவார்கள் என்ற பயம். 2006 இல் உலகக் கிண்ண உதைபந்தாட்டத்துக்குச் சனம் வரப்போகிறது என்றபோது ஒரு தகவல் பலகை வைத்தார்கள். வரைபடம், சில படங்கள், சில பந்திகள். அவ்வளவுதான். கொன்றவனுக்குக் கார் தரிப்பிடமும் ஒரு பலகையும். கொல்லப்பட்டவர்களுக்கு நகரத்தின் நடுவே ஒரு பெரிய நிலம். எதற்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பதே ஒரு தீர்ப்புத்தான்.

எமது வாசகர்கள் அங்கே போனால் அதிக நேரம் செலவிடவேண்டிய இடம் என்று நான் சொல்வது ‘பயங்கரத்தின் நிலவரைவு’ என்று பெயர் சூட்டப்பட்ட காட்சியகம். கெஸ்டாப்போ இரகசியப் பொலிஸினதும் எஸ்.எஸ். படையினதும் தலைமையகங்கள் இருந்த இடம் அது. போருக்குப் பின் இடிபாடுகளை அகற்றி நிலத்தை மட்டமாக்கிவிட்டார்கள். பிறகு அந்த வெறுங்காணியில் அனுமதிப்பத்திரம் இல்லாதவர்கள் கார் ஓட்டிப் பழகினார்கள்! 1985 மே 5 அன்று, போர் முடிந்த நாற்பதாவது ஆண்டில், பேர்லின் பிரஜைகள் சிலர் மண்வெட்டிகளோடு போய் அடையாளமாக நிலத்தைத் தோண்டினார்கள். இங்கே என்ன இருந்தது என்று சொல்லுங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. மறு வருடம் முறையாக அகழ்ந்தபோது நிலவறைச் சுவர்கள் வெளிவந்தன. 1987 இல் தற்காலிகக் காட்சியாகத் தொடங்கியது; 2010 இல் நிலையான கட்டடம் வந்தது. இன்றைக்கும் உள்ளே போகக் கட்டணம் இல்லை. அரசு மனமிரங்கிச் செய்த வேலை என்று நாம் நினைக்கிற பலதும் இப்படி மண்வெட்டியோடு போனவர்களால் தொடங்கியவைதான்.

மத்தியானத்துக்குப் பிறகு உன்ரர் டென் லிண்டன் வீதியில் உள்ள ‘புதிய காவலகம்’. சிறிய கட்டடம். உள்ளே எதுவும் இல்லை, ஒரேயொரு சிலையைத் தவிர: இறந்த மகனை மடியில் வைத்திருக்கும் தாய். கேத்தே கோல்விற்ஸ் என்ற சிற்பி செய்தது. அவருடைய மகன் முதலாம் உலகப் போர் தொடங்கி மூன்று மாதம் முடிவதற்குள் 18 வயதில் செத்தவன். கூரையில் வட்டமான திறப்பு. மழையும் பனியும் நேரே அந்தத் தாயின் மேல் விழும். முள்ளிவாய்க்காலைக் கண்ட ஒருவர் அதன்முன் நின்றால் விளக்கம் எதுவும் தேவைப்படாது. ஆனால் 1993 இல் அதைத் திறந்தபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. ‘போருக்கும் கொடுங்கோன்மைக்கும் பலியானோர்’ என்று எல்லோரையும் ஒரே வரியில் அடக்கினால், கொன்ற சிப்பாயும் கொல்லப்பட்ட யூதரும் ஒன்றா என்று கேட்டார்கள். இந்த வாதம் எமக்கும் தெரிந்ததுதான். ‘எல்லா இலங்கையருக்குமான பொது நினைவுநாள்’ என்று சொல்லப்படும் ஒவ்வொரு தடவையும் எம்மிடையே எழுகிற தயக்கம் இதே தயக்கம்தான்.

பேர்ணவர் வீதியில் மதிலின் ஒரு துண்டை அப்படியே வைத்திருக்கிறார்கள். 1961 ஓகஸ்ட் 13 தொடக்கம் 1989 நவம்பர் 9 வரை நின்ற மதில் அது. அங்கே குறைந்தது 140 பேர் உயிரிழந்தார்கள். எல்லைப் பட்டியில் அகப்பட்ட தேவாலயம் ஒன்றைக் கிழக்கு ஜேர்மனிய அரசு 1985 இல் வெடிவைத்துத் தகர்த்தது. அந்த இடத்திலேயே 2000 ஆம் ஆண்டில் சிறிய தேவாலயம் எழுப்பினார்கள். சீமெந்தால் அல்ல, இடித்து இறுக்கிய மண்ணால், பழைய தேவாலயத்தின் கல்லும் செங்கல்லும் அதற்குள் கலந்து. மண்சுவர் வைத்து வீடு கட்டிப் பழகிய எமக்கு அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்கத் தோன்றும்.

மாலையில் ரயிலேறி ட்ரெப்ரோவர் பூங்காவுக்குப் போகவேண்டும். அங்கே இருப்பது வென்றவனின் சின்னம். 1949 இல் சோவியத் இராணுவம் கட்டியது. உடைந்த ஸ்வஸ்திகாவை மிதித்து, ஒரு கையில் வாளும் மறுகையில் குழந்தையுமாக நிற்கும் 12 மீற்றர் உயரச் சிப்பாய். கீழே சுமார் 7,000 சோவியத் படையினர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். இரண்டு ஜேர்மனிகளும் இணைந்தபோது இதைப் பராமரிப்பதாக ஜேர்மனி ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்டது; இன்றுவரை பராமரிக்கிறது. ‘பாருங்கள், வெற்றிச் சின்னத்தை அவர்கள் சகித்துக்கொள்கிறார்கள்தானே’ என்று எம்மிடம் சொல்ல யாராவது வரக்கூடும். இரண்டு விடயங்களைக் கவனிக்கவேண்டும். அந்தச் சிப்பாய்கள் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அது சின்னம் மட்டுமல்ல, கல்லறை. மற்றது, ரஷ்யப் படைகள் 1994 ஓகஸ்ட் 31 அன்று ஜேர்மனியை விட்டுப் போய்விட்டன. வென்ற படை போன பிறகு நிற்கும் சிலையும், வென்ற படை முகாம் போட்டிருக்கையில் நிற்கும் சிலையும் ஒன்றல்ல.

வன்னியில் கல்லறைகளுக்கு என்ன நடந்தது என்பதை இந்த வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கனகபுரம், விசுவமடு, முள்ளியவளை, அளம்பில், முழங்காவில், ஈச்சங்குளம் எல்லாவற்றிலும் துயிலும் இல்லங்கள் இடிக்கப்பட்டன. யாழ்ப்பாணத்தில் கோப்பாய்த் துயிலும் இல்லத்தின் மேல் 2011 இல் படைப்பிரிவின் தலைமையகமே கட்டப்பட்டது. 2016 நவம்பரில் கனகபுரத்தில் சனம் பற்றைகளை வெட்டி, உடைந்த கல்லறைத் துண்டுகளைப் பொறுக்கி ஒரு குவியலாக்கி விளக்கேற்றியது. 2021 ஜனவரியில் யாழ். பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இரவோடிரவாக இடிக்கப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் ஏப்ரலில் மீண்டும் கட்டப்பட்டது. அடுத்த மாதமே முள்ளிவாய்க்காலில் உள்ள நினைவிடம் சேதமாக்கப்பட்டது.

பேர்லினை எமக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பேர்லின் பாதிக்கப்பட்டவர்களின் ஊர் அல்ல. குற்றத்தைத் திட்டமிட்டு ஆணையிட்ட தலைநகரம். அந்த நினைவிடத்தின் பெறுமதி அது பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் இருப்பதில்தான் இருக்கிறது. அப்படியானால் இலங்கையில் அதற்கு இணையான இடம் முள்ளிவாய்க்கால் அல்ல, கொழும்பும் கோட்டையும்தான். ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டையில் பாராளுமன்றத்துக்கு அருகே இருப்பது படைவீரர் நினைவுத்தூபி. மே மாதத்தில் அரச தலைவர்கள் மலர் வைப்பது அங்கே. 1987-90 காலத்தில் காணாமலாக்கப்பட்ட சிங்கள இளைஞர்களுக்காக அதே பத்தரமுல்லைப் பகுதியில் 1999 இல் ஒரு நினைவிடம் திறக்கப்பட்டது. எம்பிலிப்பிட்டிய மாணவர்களின் கதையே அதற்குப் பின்னால் இருந்தது. நகரை அழகாக்கும் வேலையில் பிற்பாடு அதுவும் அகற்றப்பட்டது. தன் பெரும்பான்மை இனத்துப் பிள்ளைகளின் நினைவையே தலைநகரில் விட்டுவைக்காத அரசு அது. சீதுவைக்குப் பக்கத்தில் ரத்தொலுகமச் சந்தியில் அந்தக் குடும்பங்கள் தாமே பாதுகாத்துவரும் சின்னம் மட்டும் நிற்கிறது. ஒவ்வொரு ஒக்டோபர் 27 ஆம் திகதியும் அங்கே படங்களோடு கூடுகிறார்கள். எமது தாய்மார் சிலரும் அங்கே போய்வந்திருக்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு நாள் வன்னிக்குப் பலகை எழுதும் உரிமை எமக்குக் கிடைத்தால் நாம் என்ன எழுதுவோம்? 1990 ஒக்டோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்ட தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி முஸ்லிம் குடும்பங்களைப் பற்றி ஒரு பலகை வைப்போமா? கடைசி வருடங்களில் வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று பிடித்துப் போனதையும், தப்பிப்போக முயன்றவர்கள் மீது புலிகளே சுட்டதையும் ஐ.நா. குழு எழுதியிருக்கிறது. எம்மிடையே அது வீட்டுக்குள் பேசப்படுகிற கதை. இதைச் சொன்னால் அரசுக்கு வாய்ப்பாகிவிடும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் சொல்லாத பலகையை நீச்சல் தடாகப் பலகையிலிருந்து வேறுபடுத்துவது கடினம். ஜேர்மனியர்களும் 1950களில் தமது நகரங்கள் குண்டில் எரிந்ததையே பேசினார்கள். தாம் செய்ததைப் பேச அடுத்த தலைமுறை வரவேண்டியிருந்தது.

வன்னியில் ஒரு நாள் என்பது எப்படி இருக்கலாம்? கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் தொடங்கலாம். 2017 பெப்ரவரி 20 அன்று காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் தொடர்போராட்டத்தைத் தொடங்கிய இடம். கனகபுரம். பரந்தனில் திரும்பி, சுதந்திரபுரத்தில் ஒரு நிறுத்தம், வள்ளிபுனத்தில் ஒன்று, புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி வாசலில் ஒன்று. புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால். தெற்கே போக நேரம் இருந்தால் கொக்குத்தொடுவாய்: 2023 ஜூனில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது எலும்புகள் வெளிவந்து, 2024 ஜூலை வரையான அகழ்வில் 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்ட இடம். நீராவிப்பிட்டியில் ஒரு தேநீர். இதற்குப் பெரிய கட்டடம் எதுவும் தேவையில்லை. ஜேர்மனியச் சிற்பி குந்தர் டெம்னிக் செய்வதைப் பாருங்கள்: பத்துச் சென்ரிமீற்றர் கல், மேலே பித்தளைத் தகடு, ‘இங்கே வாழ்ந்தார்’ என்று தொடங்கும் சில வரிகள், கொல்லப்பட்டவர் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டு வாசலில். அப்படி ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கற்கள் ஐரோப்பாவெங்கும் பதிக்கப்பட்டுவிட்டன.

சட்டத்தில் இடமே இல்லை என்றும் சொல்லமுடியாது. 2018 ஆம் ஆண்டின் இழப்பீட்டுக்கான அலுவலகச் சட்டம், இறந்தோரை நினைவுகூரும் சின்னங்களையும் கூட்டு இழப்பீட்டில் சேர்த்திருக்கிறது. 2016 இல் நாடெங்கும் மக்களைச் சந்தித்த கலந்தாலோசனைச் செயலணியிடம் எமது சனம் கேட்டவற்றில் துயிலும் இல்லக் காணிகளும் நினைவுகூரும் உரிமையும் இருந்தன. அந்தச் சட்டத்தைக் காட்டி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்கலாம். பிரதேச சபைகளின் கையில் உள்ள வீதியோரத் துண்டு நிலத்தில் ஒரு பலகைக்குத் தீர்மானம் கொண்டுவரச் சொல்லி உறுப்பினர்களிடம் கேட்கலாம்.

இதில் அவசரமான இடம் ஒன்று இருக்கிறது. முல்லைத்தீவுக்குள் நுழையும் வட்டுவாகல் பாலம். 2009 மே நடுப்பகுதியில் சனம் நடந்து கடந்தது அந்த ஒடுங்கிய பாலத்தைத்தான். பிள்ளைகளையும் கணவன்மாரையும் கையில் பிடித்து இராணுவத்திடம் ஒப்படைத்தோம் என்று குடும்பங்கள் ஆணைக்குழுக்களிலும் நீதிமன்றத்திலும் சொன்ன இடமும் அதன் சுற்றாடல்தான். இப்போது பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதிய பாலம் கட்டும் வேலை தொடங்கியிருக்கிறது. மாரியில் தண்ணீர் மேவிப் போக்குவரத்து நிற்கிற பாலம் என்பதால் அது வேண்டியதுதான். பழைய பாலத்தில் ஒரு துண்டையாவது விட்டுவைக்கவேண்டும் என்ற கோரிக்கை எழுத்தில் போவதென்றால், அதை இடிக்கும் நாளுக்கு முன்னால் போகவேண்டும்.